மயக்கத்தில் போன ஒன்றரை மணி நேரம்

பித்தப்பையில் கல் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கல்லை நினைத்துப் பயம் வரவில்லை. கத்தியை நினைத்தும் வரவில்லை. "மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வோம், ஒன்றரை மணி நேரம், உங்களுக்கு ஒன்றுமே தெரியாது" என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒன்றுமே தெரியாது என்பதை அவர் ஒரு வசதியாகச் சொன்னார். எனக்கோ அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

இது புரிய என் வேலையைச் சொல்லியாக வேண்டும். நான் டில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோவாக இருந்தேன். அதிகாரி வாயால் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு டைப் அடித்துக் கொடுக்கும் வேலை. நான் சொல்வது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது, இருபத்தொரு வருட சர்வீஸ். அத்தனை வருடத்தில் "கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லுங்கள் சார்" என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் அதே கதைதான். ஆறு மாதத்துக்கு முன் நடந்த சண்டையில் என் வீட்டுக்காரர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று வரி பிசகாமல் ஒப்பிப்பேன். பாவம் அந்த மனிதர், என்னிடம் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

வலி வந்ததும் டிக்டேஷன் எடுக்கும்போதுதான். ஜாயின்ட் செக்ரட்டரி ஒரு நீளமான குறிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். வலது விலாவுக்கு அடியில் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. அது முதுகு வரைக்கும் போய் நின்றது. அடங்கியதும் குனிந்து பார்த்தேன், நோட்டில் அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அவர் பாட்டுக்குப் பேசியிருக்கிறார், நான் எழுதவில்லை. அவர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. ஆனாலும் அன்று பாத்ரூமில் போய் நின்று அழுதேன்.

வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று கற்கள். பித்தப்பை என்பது கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை. எண்ணெய்ப் பலகாரம் உள்ளே போனால் அது சுருங்கி, செரிப்பதற்கான பித்தநீரை அனுப்பும். உள்ளே கல் இருந்தால், சுருங்கும்போது அது வாசலில் போய் அடைத்துக்கொள்ளும். வலி அதனால்தான். "பெரிய கல் இரண்டும் சும்மா இருக்கும். இந்தச் சின்னது நழுவிக் குழாய்க்குள் போனால் காமாலை வரும், கணையம் வீங்கும், உயிருக்கே ஆபத்து. தள்ளிப்போடாதீர்கள்" என்றார் டாக்டர். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் நாலு துளை போட்டு, கேமரா விட்டு எடுக்கும் முறை அப்போது டில்லி அரசு ஆஸ்பத்திரிகளில் வந்துவிட்டிருந்தது. எல்லோரும் அந்த நாலு துளையின் மகிமையைத்தான் பேசினார்கள். மயக்கத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

திறந்தவர்களும் திறக்காமல் இருந்திருக்கலாம். ஜனக்புரியில் இருந்த என் நாத்தனார் போன் செய்து, தெரிந்தவர் ஒருவருக்குப் பாதி ஆபரேஷனில் முழிப்பு வந்துவிட்டதாம் என்றார். ஆபீசில் ஒருத்தி, மயக்கத்தில் சிலர் மனதில் இருப்பதையெல்லாம் உளறிவிடுவார்கள் என்றாள். முழித்துக்கொள்வதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது எனக்கு. நாலு பேர் சுற்றி நின்று என்னைப் பற்றிப் பேசுவார்கள், என்னை வைத்து ஏதேதோ செய்வார்கள், நான் நடுவில் கட்டையாகக் கிடப்பேன். அந்த ஒன்றரை மணி நேரம் என் ஆயுளில் எந்த நோட்டிலும் இருக்காது. திரும்பி வராமலே போனாலும், போனது எனக்குத் தெரியாது. இதை யாரிடம் சொல்ல? சொன்னால் சிரிப்பார்கள்.

அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். புது நோட்டு ஒன்று வாங்கி, ஆஸ்பத்திரியில் யார் என்ன சொன்னாலும் சுருக்கெழுத்தில் எடுத்தேன். ரத்தப் பரிசோதனை வரிசையில், எக்ஸ்ரே அறை வாசலில், ஈ.சி.ஜி. எடுக்கும் பெஞ்சில், எங்கே உட்கார்ந்தாலும் பென்சிலும் கையுமாகத்தான் இருப்பேன். மயக்கம் கொடுக்கத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க ஒரு தனி அறை. அங்கே இருந்த சின்ன டாக்டர், ஆடுகிற பல் உண்டா, பொய்ப்பல் உண்டா, மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் கேள்வி, பதில் இரண்டையும் எழுதினேன். "குச் நஹி ஹோகா, ஆன்ட்டி" என்றார். ஒன்றும் ஆகாது என்பதையும் எழுதிக்கொண்டேன். ஆபரேஷனுக்கு முன் இரவிலிருந்து வாயில் எதுவும் போடக் கூடாது, வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும், அப்படிச் சாப்பிட்டுவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்றார். இந்தக் கடைசி வரிக்கு அடியில் மட்டும் ஏன் கோடு போட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

ஜனவரிக் குளிரில் திங்கட்கிழமை அட்மிட் ஆனேன். இப்போது பாளையங்கோட்டை வெயிலில் உட்கார்ந்து அந்த வார்டை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது, சொன்னால் நம்புவீர்களா? பதினோரு மணிக்குப் பனி விலகியதும், நடக்க முடிந்த நோயாளிகள் எல்லோரும் போர்வையோடு கீழே புல்வெளிக்கு வந்துவிடுவோம். ஆரஞ்சுத் தோலும் வேர்க்கடலைத் தொலியுமாகக் கிடக்கும். யார் வீட்டுப் பராத்தா யார் வாய்க்குப் போகிறது என்று கணக்கே இருக்காது. எனக்கு மட்டும் பராத்தா ஆகாது. என் வீட்டுக்காரர் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து, நெய் தொடாத இட்லியும் பிளாஸ்கில் ரசமும் கொண்டு வருவார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி எனக்குப் பிடித்த நார்த்தங்காய் தேடி வாங்கியிருக்கிறார், அதை நான் ஆபரேஷன் முடிந்துதான் சாப்பிட முடியும் என்று தெரிந்தும்.

என் பக்கத்துப் படுக்கையில் அஞ்சலை இருந்தாள். விழுப்புரம் பக்கத்துக்காரி, டில்லியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்து மூன்று நாளாகியிருந்தது. மயக்கம் எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஐயோ, அத்த கேக்காதக்கா" என்றாள். "பொறந்ததுலருந்து நா அப்பிடித் தூங்குனதே இல்ல. கொழந்த அழுவல, கொழாயில தண்ணி வந்துச்சான்னு பாக்கல, ஒரு கனா இல்ல. எழுப்பிவுட்டப்போ எனக்குக் கோவமா வந்துச்சி."

"பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? நம்மளப் பாத்துக்க அஞ்சாறு பேரு சுத்தி நின்னாங்க. எந்தக் காலத்துல நின்னாங்க சொல்லு?"

இதையும் எழுதிக்கொண்டேன். ஆனால் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. பட்டியலில் நான் மூன்றாவது. ஏழு மணிக்கு, பல் தேய்த்துவிட்டு வருகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி உடுப்பின் மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினேன். கேட்டுக்கு வெளியே டீக்கடை. கொதிக்கிற எண்ணெயில் பிரெட் பக்கோடா மிதந்துகொண்டிருந்தது. "பையா, தோ தேனா" என்றேன். இரண்டையும் நின்றபடியே தின்றேன், பெரிய கிளாஸில் டீயும் குடித்தேன். பசியினால் இல்லை. மறந்துபோயும் இல்லை. என் நோட்டில் கோடு போட்ட வரியை நான் காரியத்தில் காட்டினேன், அவ்வளவுதான். வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வந்து படுத்துக்கொண்டேன்.

எட்டரைக்கு ஆபரேஷன் அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். மயக்க மருந்து டாக்டர் வந்தார். டாக்டர் கௌர் என்று பெயர், ஐம்பது வயதுப் பஞ்சாபி அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று ஹிந்தியில் கேட்டார்.

"மறந்துபோய் ஒரு டீ, இரண்டு பிரெட் பக்கோடா" என்றேன்.

"எத்தனை மணிக்கு?"

"ஏழு ஐந்துக்கு."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மறந்து சாப்பிடுகிறவர்களுக்கு நிமிஷம் ஞாபகம் இருக்காது, சொர்ணம் ஜி" என்றார். ஃபைலில் ஏதோ எழுதிவிட்டு என்னைத் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை வெள்ளிக்கிழமை.

வார்டு வாசலில் என் வீட்டுக்காரரும் மகள் வித்யாவும் நின்றிருந்தார்கள். வித்யாவுக்குப் பதினாலு வயது, டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். நர்ஸ் விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு வந்ததே கோபம். "அம்மா, நீ சாப்பிடக் கூடாதுன்னு அப்பா நேத்து ராத்திரிலேருந்து டீ கூட குடிக்கல, பதா ஹை, தெரியுமா? நானும் குடிக்கல. நீ பக்கோடா சாப்பிட்டியா?" என்று கத்தினாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் அவளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தப்பித்தோம் என்ற நினைப்பு பத்தரை வரைக்கும்தான். எண்ணெய் உள்ளே போனால் பித்தப்பை என்ன செய்யும் என்று நான்தான் எழுதி வைத்திருந்தேனே, அது அதையே செய்தது. அப்படி ஒரு வலி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிள்ளை பெற்ற வலிகூட விட்டுவிட்டு வரும், இது விடவே இல்லை. வாந்தி எடுத்தேன். அவர் ஒரு கையால் கிண்ணத்தைப் பிடித்தார், ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கினார். கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று டாக்டர்கள் மாறி மாறி இமையை விலக்கிப் பார்த்தார்கள். சின்னக் கல் நழுவிவிட்டதோ என்ற பயம் அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கல் நழுவவில்லை என்று மத்தியானம் தெரிந்தது.

அப்போது என்னால் மறைத்து வைக்க முடியவில்லை. "ஏங்க, நான் மறந்து திங்கல. வேணும்னே தின்னேன்" என்றேன்.

"தெரியும்ட்டி" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"வித்யாவப் பெறவு வரச் சொல்லிட்டு நான் முன்னால வந்தேன். பஸ்ஸ விட்டு எறங்கி வாரேன், நீ கடையில நிக்க. ரெண்டாவது பக்கோடாவக் கையில வாங்குத."

"பாத்துட்டா சும்மா இருந்தீங்க? ஓடி வந்து தட்டிவிட வேண்டாமா?"

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். "தட்டிவிட்டா உன்னைய உள்ள கொண்டுபோயிருவாங்கல்லா" என்றார். "எனக்கும் பயந்தான். ஒரு நாள் தள்ளிப் போவட்டுமேன்னு மரத்துப் பின்னால நின்னுக்கிட்டேன். நான் செஞ்சதுதான் பெரிய தப்பு. நீ துடிச்ச துடிப்பப் பாத்தப்ப என்னையச் செருப்பால அடிக்கணும் போல இருந்தது."

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. பயப்படத் தெரியாத மனிதர் என்றே நினைத்திருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அஞ்சலை மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய டாக்டர் கௌர், கோட்டைக் கழற்றி ஸ்வெட்டரோடு என் படுக்கைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கால்மாட்டில் உட்கார்ந்து, "எதற்குப் பயம்? செத்துப்போய்விடுவோம் என்றா?" என்று கேட்டார்.

"அதுவும்தான்" என்றேன். பிறகு, இவரிடம் சொன்னால் என்ன என்று தோன்றி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் வேலை, இருபத்தொரு வருடம், வெறுமையாகப் போன அரைப் பக்கம், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு என்னிடம் குறிப்பே இருக்காது என்பது வரை. அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய், அச்சடித்த கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார்.

"இது என் டிக்டேஷன் நோட்டு" என்றார். "ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் உங்கள் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, நான் கொடுத்த மருந்து, எல்லாம் இதில் ஏறும். சர்ஜன் பித்தப்பையைப் பார்ப்பார். நர்ஸ் கருவிகளைப் பார்ப்பாள். உங்களைப் பார்க்கிற வேலை எனக்கு மட்டும்தான். உங்கள் தலைமாட்டிலிருந்து நான் எழுந்து போகவே மாட்டேன்."

பிறகு மயக்கம் என்றால் என்ன என்று அவரே சொன்னார். தூங்க வைக்க ஒரு மருந்து, வலி தெரியாமலிருக்க ஒன்று, தசைகள் தளர ஒன்று. தசை தளர்ந்தால் மூச்சும் தானாக வராது, அதனால் தொண்டையில் குழாய் வைத்து மெஷின் மூச்சு விடும். தூக்க வாயுவை நிறுத்தினால் சில நிமிஷங்களில் விழிப்பு வந்துவிடும். "நான் மறந்தால்தான் நீங்கள் தூங்கிக்கொண்டே இருப்பீர்கள். நான் உங்களை மாதிரி, மறக்க மாட்டேன்" என்றார். கடைசியில்தான் சிரித்தார். "முடிந்ததும் உங்களுக்குப் படிக்கத் தருகிறேன். ஆனால் இனிமேல் பக்கோடா கிடையாது."

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை நான் நோட்டைத் திறக்கவில்லை. புல்வெளியில் என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து வெயில் காய்ந்தேன். டில்லியில் பதினேழு வருடக் குடித்தனத்தில் வேலைநாளில் நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தது அந்த இரண்டு நாள்தான். எதிர்ப் பெஞ்சில் ஸ்வெட்டர் பின்னும் ஒரு சர்தார்ணி எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். வித்யா ஸ்கூல் விட்டு வந்து எங்கள் இரண்டு பேரையும் உளவு பார்ப்பாள், யாராவது எதையாவது தின்கிறோமா என்று.

வெள்ளிக்கிழமை என்னை உள்ளே கொண்டுபோனார்கள். சில்லென்ற மேஜை, மேலே பெரிய விளக்கு. டாக்டர் கௌர் தலைமாட்டில் தாளை மடக்கி அட்டையில் சொருகியது தலைகீழாகத் தெரிந்தது. முகத்தில் மாஸ்க்கை வைத்தார். யாரோ "ஏ.சி.யைக் குறை" என்றார்கள். அதை மனதுக்குள் சுருக்கெழுத்தில் போட்டேன். அடுத்த குரல், "சொர்ணம் ஜி, கண்ணைத் திறங்கள், ஆபரேஷன் முடிந்துவிட்டது." அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளிகூட எனக்குத் தெரியவில்லை. எந்த இடைவெளிக்கு அவ்வளவு பயந்தேனோ, அது எனக்குக் கிடைக்கவே இல்லை. குளிரில் பல் கிட்டியது, தொண்டை எரிந்தது, தோள்பட்டை வலித்தது. வயிற்றை உப்ப வைக்க வாயு அடைப்பார்கள், அதில் மிச்சம் இருந்தால் தோளில் வலிக்குமாம். உயிரோடு இருக்கிறேன், அப்போது அது போதுமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் டாக்டர் கௌர் சொன்னபடி ஃபைலைக் கொண்டு வந்தார். நான் நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகச் சுருக்கெழுத்தில் பிரதி எடுத்தேன். ஒன்பது ஐம்பது, ஒன்பது ஐம்பத்தைந்து, பத்து. நாடி எழுபத்தெட்டு, எழுபத்தாறு. பத்து இருபது வரியில் என் பென்சில் நின்றது. நாடி முப்பத்துநாலு என்று எழுதியிருந்தது.

"வாயு அடைக்கும்போது சிலருக்கு இதயம் திடீரென்று மெதுவாகும்" என்றார். "வாயுவை விடச் சொன்னேன், ஊசி போட்டேன். அடுத்த வரியைப் பாருங்கள்."

பத்து இருபத்தைந்து, எழுபத்திரண்டு.

"இதற்காகத்தான் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நான் அந்த வரியை எழுதி முடித்தேன்.

அரை மணி கழித்து என் வீட்டுக்காரர் குழைந்த சாதத்தோடு வந்தார். முகச்சவரம் செய்துகொண்டு, இரண்டு வாரத்தில் முதல் தடவையாகப் பழைய மனிதராக இருந்தார். "நேத்து உன்னைய உள்ள கொண்டுபோன பெறவு எனக்கு நிக்க முடியல. வித்யாதான் பத்தேகாலுக்குக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி ஒரு டீ வாங்கித் தந்தா" என்றார். "சூடா, இஞ்சி போட்டு. அப்படி ஒரு டீ குடிச்சதே இல்ல. குடிக்கையில மனசுக்குள்ள ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு தெம்பு வந்தது பாத்துக்கோ." பிறகு நோட்டைப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா தாளக் குடுத்தாங்களா? வாசி, கேப்போம்" என்றார்.

அவருக்குச் சுருக்கெழுத்து தெரியாது. நான் வாசித்தேன். ஒன்பது ஐம்பதிலிருந்து ஒவ்வொரு ஐந்து நிமிஷமாக, நாடி இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு. அவர் தலையை ஆட்டிக்கொண்டே சாதத்தைப் பிசைந்தார். பத்து பதினைந்து, எழுபத்தாறு என்றேன். அடுத்து, பத்து இருபத்தைந்து, எழுபத்திரண்டு என்றேன். ஒரு வரி குறைந்ததை அவர் கவனிக்கவில்லை.

கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தேன். "அவ்வளவுதானா? இதுக்கா இந்தப் பாடு பட்டோம்" என்று சிரித்தார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

இப்போது அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுதி முடித்தாயா என்று இரண்டாம் தடவையாகக் கேட்கிறார். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பது அவர்தான். கொடுக்கத்தான் போகிறேன். பத்து இருபதுக்கு அவர் கையில் இருந்த அந்த டீயில் அவருக்கு ஒரு குற்றமும் இல்லை என்று மட்டும், அவர் படித்து நிமிர்வதற்குள் சொல்லிவிட வேண்டும்.